பழ ஈயின் அம்மாவுக்காக ஒரு சண்டை

பழ ஈ வளர்க்கிற வேலையில் முதலாளி ஈதான். அது கூட்டை விட்டு வெளியே வரும் நேரத்துக்கு நாம் போய்க் காத்து நிற்க வேண்டும். பாட்டிலும் கையுமாகக் காலம் தள்ளும் ஆராய்ச்சி மாணவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

ஒரே பாட்டில்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தவை ஒரு வம்சம். சன்னதித் தெரு வாழைப்பழக் கடையில் பிடித்தவை இன்னொரு வம்சம். கடை ஈயின் மரபணுக்களுக்கு நடுவே குதித்துக் குதித்து இடம் மாறும் துண்டுகள் உண்டு. போய் உட்காரும் இடத்தையெல்லாம் கெடுக்கும். கூடத்து ஈக்களிடம் அவை கிடையாது. இரண்டையும் கலந்தால் மகள்கள் என்ன ஆவார்கள் என்பது என் கேள்வி. கடை அப்பா, கூடத்து அம்மா ஒரு பாட்டில். கடை அம்மா, கூடத்து அப்பா இன்னொன்று.

நான் வராத ஒரு நாள், கூட ஆராய்ச்சி செய்யும் குணசேகரன் இரண்டு பாட்டில் மகள்களையும் ஒன்றாகக் கொட்டிவிட்டான். "இன்னொரு வாட்டி சொதப்பினா தலைப்பையே மாத்திடலாம்மா" என்று எங்கள் பேராசிரியர் சொல்லிவிட்டார். நான் குணசேகரன் மேல் பாய்ந்தேன். அவன் அசரவே இல்லை.

"ரெண்டுலயும் அதே ரெண்டு வம்சம்தானே, யாரு அப்பன் யாரு ஆத்தானு பாக்கறதுல என்ன இருக்குது?"

எதிர்த் திசை

மறுபடி முதலிலிருந்து. அம்மா ஆகப்போகும் பெண் ஈ வெளிவந்த சில மணி நேரத்துக்குள், ஆண் நெருங்கும் முன், பிரித்துவிட வேண்டும். அவை வெளிவந்த காலை பார்த்துப் பௌர்ணமி! கிரிவலப் பாதையில் பஸ், ஆட்டோ எதுவும் விடமாட்டார்கள். கல்லூரியோ அடி அண்ணாமலைப் பக்கம். வேங்கிக்காலிலிருந்து நடந்தேன்; மலையை வலம் வரும் கூட்டம் மொத்தமும் என் முகத்துக்கு நேராக வந்தது. ஓர் அம்மாள் கையைப் பிடித்தே நிறுத்திவிட்டார். தாமதித்தால் தலைப்பு போய்விடும் என்று அவரிடம் எப்படிச் சொல்ல? "காலேஜுக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

"சாமிய ரிவர்ஸ்ல சுத்திட்டு என்னா படிப்பும்மா படிக்கப் போறே?"

யார் குறை

நல்லவேளை, நேரத்துக்குப் போய்ப் பிரித்து, இரண்டு விதமாகவும் ஜோடி சேர்த்துவிட்டேன். அந்தத் துண்டுகள் நன்றாகக் குதிக்கக் கொஞ்சம் சூடு வேண்டும். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? மகள்களை நுண்ணோக்கியில் பார்த்தேன். கடை அப்பாவுக்குப் பிறந்தவர்களின் சினைப்பை சுருங்கிக் கிடந்தது. கடை அம்மாவுக்குப் பிறந்தவர்களுக்கு அரிசி மணிகளாய் முட்டை. அதே இரண்டு வம்சம்! அந்தத் துண்டுகளோடு பழகிய அம்மா, அவற்றை அடையாளம் கண்டு அடக்கும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.க்களை முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறாள். கூடத்து அம்மாவிடம் அனுப்ப எதுவுமில்லை.

தலைப்பு பிழைத்தது. ஆய்வுக் கட்டுரையில் எழுதச் சார் உற்சாகமாக வாசகம் சொன்னார்: "தாயின் குறைபாட்டால் மகள் மலடு." எனக்குச் சுரீர் என்றது.

"துண்டைக் கொண்டு வந்தது அப்பா, சார். அம்மா பரம்பரையே அதைப் பார்த்ததில்ல. குறை மட்டும் அம்மாவோடதா?"

"சயின்ஸ்ல யாரையும் குத்தம் சொல்றதில்லம்மா."

"அப்ப அப்பாவையும் சேர்த்துப் போடுங்க சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, 'தந்தை கொண்டுவந்ததை அடக்கத் தாயிடம் ஆர்.என்.ஏ. இல்லை'னு எழுது. ஈ வீட்டுப் பஞ்சாயத்துக்கே இவ்ளோ நேரம்னா, நீ மனுசங்களப் பத்தி எழுதறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்."

மகள் நன்றாக இருந்தால் இயற்கை, இல்லாவிட்டால் அம்மாவின் குறை என்று எழுதும் வழக்கம் ஈ பாட்டில் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.