ஸ்காட்லாந்து இயக்குநரும் அப்பாவின் தாடியும்

கொட்டாங்கச்சியில் குழைத்த தலைச்சாயத்தின் காட்டமான வாடை மூக்கில் ஏறினால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். இரண்டாயிரம் பிறந்த புதிதில், நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் படம் எடுக்க ஸ்காட்லாந்திலிருந்து ஓர் இயக்குநர் வந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால், வெள்ளைக்காரர் என்றாலே அவர்கள் பாஷையில் 'முசே' என்று, அதாவது ஐயா என்று, கூப்பிட்டுப் பழகிய எங்கள் சனம் அவரையும் முசே ஆக்கிவிட்டது. தான் பிரெஞ்சுக்காரரும் இல்லை, இங்கிலீஷ்காரரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர் ஓய்ந்துபோனார்.

அவர் நாட்டுத் தொலைக்காட்சிக்கான அந்தப் படத்தில், மூடிய மில்லின் வாசலில் நிற்கும் தொழிலாளி ஒருவர் வேண்டியிருந்தது. மில் மூடியதிலிருந்து இரண்டு வருஷமாக வேலையில்லாமல், நரைத்த தாடியும் கசங்கிய லுங்கியுமாகப் பெட்டிக்கடையோரம் உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்ததும் முசே அங்கேயே நின்றுவிட்டார். முதல் நாள், அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எடுத்தார்கள். "பிரமாதமா நின்னீங்கன்னு சார் சொல்றாரு. நாளைக்கு இதே எடத்துல உங்களுக்கு வசனம்ணே," என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த உதவி இயக்குநர்.

வசனம்! மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக சலூனுக்குப் போய்த் தாடியை மழித்து, வீட்டுக்கு வந்து தலைக்குச் சாயம் பூசி, கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட வைத்தார். "நாலு பேர் பாக்கப்போற படத்துல பரதேசியாட்டமா போய் நிப்பாங்க?" என்றார். போட்டோ என்றாலே முகம் கழுவிப் பவுடர் பூசும் கூட்டம் நாங்கள். அம்மாவுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. "புது மாப்ளையாட்டம் இருக்கய்யா," என்று அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் முசே அடையாளம் தெரியாமல் அப்பாவைத் தாண்டியே போய்விட்டார். தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஒட்டுத்தாடி ஒட்டிப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அன்றோடு படப்பிடிப்பும் முடிகிறது. வசனம் வேறொருவருக்குப் போனது, முதல் நாள் எடுத்ததும் வீணாயிற்று. ஆனாலும் முசே நல்ல மனிதர். கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். "அடுத்த படத்துல கண்டிப்பா நீங்கதான்னு சொல்றாரு," என்றார் உதவி இயக்குநர்.

பாழாய்ப்போன அந்த ஒரு வார்த்தை! அதன்பிறகு அப்பா தாடியில் கத்தி படவே விடவில்லை. எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் செக்யூரிட்டி வேலை வந்தபோது, "தெனம் ஷேவ் பண்ணணுமாம். முசே திடீர்னு கூப்ட்டா என்ன பண்றது?" என்று போகாமலே இருந்துவிட்டார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அம்மாதான் எங்களை வளர்த்தாள். அப்பா மேல் எனக்கிருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

போன மாதம் கைப்பேசியில் அந்த இயக்குநரைத் தேடிப் பிடித்தேன். இளவயதில் பரிசு வாங்கிய இரண்டு சினிமா, பிறகு டிவி தொடர்கள், அப்புறம் யாரோ எடுத்த தொடர்களில் ஒன்றிரண்டு பகுதிகள், கடைசியாக எங்கள் தெருவில் எடுத்த படம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை; ஆள் இறந்தும் பல வருஷமாகிறது. இதைக் கேட்டாலாவது காத்திருப்பதை விடுவார் என்று, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

"அப்போ நம்ம படந்தான் அவருக்குக் கடைசியா?" என்றார். ஆமாம் என்றேன். "அன்னிக்கு நான் தாடிய எடுக்காம இருந்திருந்தா படம் நல்லா வந்திருக்கும்மா. அந்த மனுசன் பொழப்ப கெடுத்துட்டேனே," என்று இந்த வயதில் தேம்பித் தேம்பி அழுதார்.

மில்லை இடித்துவிட்டார்கள், முசேயும் போய்விட்டார். தெருவில் கார் நின்றால் எட்டிப் பார்க்கும் பழக்கம் ஒன்று அப்பாவிடம் இருந்தது. இப்போது அவர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.