கத்திரிக்குப் போட்ட மாலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் மலாயாவில், ஈப்போ நகரத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தேன். கோப்பெங் பக்கத்து ஈயச் சுரங்கங்களுக்குக் குழாயும் தொட்டியும் செய்து கொடுக்கும் பட்டறை. அங்கே தகடு வெட்டுகிற மிஷின் ஒன்று இருந்தது. 'பெரிய கத்திரி' என்போம். என்னைவிட இரண்டு முழம் உயரம், விலாவில் பெரிய சக்கரம், வாயில் என் கை நீளத்துக்குக் கத்தி. மற்ற மிஷின்கள் எல்லாம் உறுமும், கிறீச்சிடும். இது மட்டும் அரை அங்குலத் தகட்டையும் சத்தமில்லாமல் கடித்துத் துப்பும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், சில நாள் அதன் கத்தி தானாக ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். "பசிக்குது போல" என்பான் என்னோடு அதில் வேலை செய்த கூட்டாளி. பீடோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் சீவிவிட்டு வந்தவன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்லா" என்று நான் சிரிப்பேன். நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். இரும்புக்குப் பசி என்று எவனாவது சொன்னால் எரிச்சல்தான் வரும். ஆனாலும் தனியாக நிற்கும்போது அந்த மிஷினுக்கு நானும் முதுகைக் காட்டியதில்லை.

ஆயுத பூஜையன்று மிஷின்களுக்கு ஓய்வு. மறுநாள் காலை இஞ்சினை ஓட்டி, கத்திரிக்கு முதல் வெட்டாக ஓர் எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். பழத்தைக் கத்திக்கு அடியில் வைத்து, சூடம் காட்டி, கையை எடுத்த பிறகு ஓடவிட வேண்டும். அந்த வருஷம் பழம் வைக்கிற முறை என் கூட்டாளிக்கு வந்தது. "நீதான் ஒசரம், மாலைய நீயே மாட்டு மச்சான். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றான்.

வாடாமல் இருக்கத் தண்ணீரில் முக்கிவைத்த செவ்வந்தி மாலை, நல்ல கனம். மிஷினின் கழுத்தில் போடுவதுதான் வழக்கம். கழுத்து முழுக்க கிரீஸ். பூ பாழாகுமே என்று, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த சுத்தமான மரக் கைப்பிடியில் மாட்டினேன். அந்தக் கைப்பிடி கீழே இறங்கினால், கூரையடியில் ஓடுகிற தோல்வார் நகர்ந்து கத்திரியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கும். தினமும் எத்தனையோ தடவை அதை இழுத்த கை என்னுடையது. பூவைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

சூடம் ஏற்றினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மட்டும் மூடவில்லை. பழம் நிற்காமல் உருண்டதால் கூட்டாளி கையை உள்ளே விட்டு அதைச் சரிசெய்துகொண்டிருந்தான். அப்போது அந்தப் பெரிய சக்கரம் அசைந்தது. யாரும் தொடவில்லை. தூங்குகிறவன் புரண்டு படுப்பதுபோல மெல்லத் திரும்பியது. சூடப் புகைக்கு நடுவே கத்தி மேலே போனது.

கத்த வேண்டியதுதானே? கத்தவில்லை. அத்தனை நாள் கேலி பேசிய நான் அந்தக் கணத்தில் முழுசாக நம்பினேன். அதற்கு உயிர் இருக்கிறது, அது என்னைப் பார்க்கிறது என்று நம்பினேன். மூன்று மூச்சு விடுகிற நேரம் இருந்தது. மூன்றையும் விட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்று விரல்கள் போயின. அப்போதும் அது சத்தம் போடவில்லை. யாரோ ஓடிப்போய் இஞ்சினை நிறுத்தும்வரை கத்தி வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது. ஈரக் கனத்தால் கைப்பிடியைச் சாய்த்துவிட்டு வழுக்கிய மாலை தரையில் கிடந்தது. ஒருவர் அதை எடுத்து மிஷினின் கழுத்திலேயே போட்டார். "தானா ஓடிருச்சு, தானா ஓடிருச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள்.

உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவன் கேட்டான்: "அதுவா கேட்டு வாங்குனதுதானே மச்சான்? யாரு மேலயும் தப்பு இல்லதானே?"

"ஆமா" என்றேன். அவன் முகம் தெளிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் அவன் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். தம்பிக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "இவன கத்திரியிலயே போடச் சொல்லி தொரைகிட்ட கேட்டுட்டேன்லா. எங்க வீட்டுல ஒரு தடவ வாங்கிருச்சு. இனி எங்க ஆளத் தொடாது" என்றான். தம்பி சிரித்துக்கொண்டே கத்திக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். மேலே வார் ஓடிக்கொண்டிருந்தது.

பாய்ந்து அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். மாலையை எங்கே மாட்டினேன் என்று சொன்னேன், சக்கரம் அசைந்ததைப் பார்த்தேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

கூட்டாளி தம்பியின் தோளில் கையை வைத்து வாசல் பக்கம் திருப்பினான்.

"மால மாட்டுனத விடு மச்சான். அது தெரியாம செஞ்சது" என்றான். "நீ பாத்துக்கிட்டுதானே நின்ன?"