பெல் அடிக்காத வீடு

சம்பங்கி தன் சோற்று டப்பாவில் பெங்களூரிலிருந்து டெங்குவைக் கொண்டுவருகிறார் என்று ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பில் பேச்சு. அவர் தெருவில் மூன்று வீட்டில் காய்ச்சல். உண்மை அறிய, உயிரைத் துச்சமாக மதித்து, மாலை ரயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டப்பாவில் மீந்த எலுமிச்சைச் சோறு. பாதியை நானே தின்றேன். டெங்குவுக்கு உப்பு கம்மி.

சம்பங்கி பெங்களூரில் வைரஸ் ஆராயும் கூடமொன்றில் பதினாறு வருடமாகக் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறார். முழங்கைவரை சோப்புப் போடாமல் எதையும் தொடமாட்டார். அங்கே படித்தவர்கள் பேசுவது அவர் காதிலும் விழுகிறது.

“வைரஸ் பூந்த செல்லு சும்மா இருக்கும்னு நெனச்சீங்களா சார்? பக்கத்து செல்லுக்கெல்லாம் பெல் அடிக்கும், எங்கப்பா சொரங்கத்துல ஆளு எறங்குற கேஜுக்கு அடிச்ச மாதிரி. அடிச்சிட்டு அதுவே செத்துடும். உள்ள வந்தவன் பெருகக் கூடாது பாருங்க. அந்தத் திருடன் இன்னா பண்றான்? மொதல்ல பெல் ஒயரைக் கட் பண்றான். அவன் வேல முடியறவரைக்கும் அத்த சாகவும் வுடமாட்டான்.”

குரல் ஏறியது. “எங்க தெருவுல மொதக் காய்ச்சல் யாருக்கு? வீட்டுக்காரம்மா பொண்ணு ஷில்பாவுக்கு. பொண்ணு பாக்க வர்றாங்கன்னு மூடி மறைச்சிட்டாங்க. கொசு ஊடு ஊடா பூடுச்சி. நான் ஞாயித்துக்கெழம காலி பண்ணணுமாம்!”

ஆண்டர்சன்பேட்டை மருந்துக்கடைக்காரர் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவர். என்னிடம் மட்டும் சொன்னார்: ஷில்பாவின் காய்ச்சலுக்கு மூன்று வாரம் வயது; தெருவில் அதுவே மூத்தது.

நாங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சம்பங்கியைப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மா வெங்கடம்மாவின் வாசலில் மூடியில்லாமல் நின்ற நீல டிரம்மை ஒருவரும் பார்க்கவில்லை. உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன.

“யோவ், டப்பாவ வெளியவே வையி!” என்றார் வீட்டுக்காரம்மா.

சம்பங்கி டிரம்மை ஒரே தள்ளில் கவிழ்த்தார்.

“அடப்பாவி! டேங்கர் தண்ணிய்யா! யாரு தருவா?”

“நான் தரேன்.”

காலி டிரம்முக்குள் முழங்கைவரை கைவிட்டு, முட்டை ஒட்டும் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தார். ஆய்வுக்கூடத்துப் பாத்திரத்துக்குக்கூட அத்தனை கோபம் கிடைத்திருக்காது.

ஞாயிறு வந்தது. வெங்கடம்மா சம்பங்கியின் கதவைத் தட்டினார்.

“ஒரு டிரம் தண்ணி பாக்கி கீதும்மா. கடனோட ஊட்டைக் காலி பண்ணா எனக்கில்ல அசிங்கம்?”

இரண்டு முறை டேங்கர் வந்துபோய்விட்டது. கடன் அப்படியே இருக்கிறது; சம்பங்கியும் காலி பண்ணவில்லை. தினம் விடியலில் வெங்கடம்மாவின் வாசல் டிரம்மைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையோடு ரயிலுக்கு ஓடுகிறார்.