பிக்கப் இல்லாத வண்டி

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. மறைத்தாலும், இதைப் படித்துவிட்டு என் மனைவி நாலு பேரிடம் சொல்லத்தான் போகிறாள்.

அவளுடைய அண்ணன் போளூரில் இருக்கிறார். புது கார் வாங்கியதும் பழையதை எங்களுக்குத் தந்தார். சாவி வாங்கிய மறுநாளே தொடங்கியது வினை. நான் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். காலையில் திண்டிவனம் ரோடு மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. காலை எடுத்தால் கொஞ்சம் தெளியும், அழுத்தினால் மறுபடி திணறும். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பாலத்தின் உச்சிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் மொபெட்டில் வந்த ஒரு தயிர்க்காரர் என்னைத் தாண்டிப் போனார். போகும்போது திரும்பி வேறு பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் வண்டியை நின்ற இடத்திலேயே உறும விட்டுப் பார்த்தார். நன்றாகவே உறுமியது. ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், அவருக்கு நேரமில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றி அனுப்பினார். மேம்பாலத்தில் அதே திணறல். வேலூர் ரோட்டில் இருந்த இரண்டாமவர் பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், ஏர் ஃபில்டரையும் மாற்றினார். அப்போதும் அதே திணறல். கடைசியில் அவர் உதட்டைப் பிதுக்கி, பழைய வண்டி இவ்வளவுதான் இழுக்கும் என்றார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. மைத்துனரைக் கூப்பிட்டேன். என் மகளுக்குக் காதுகுத்து வைத்து, தேதியும் குறித்திருந்த நேரம் அது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே மாமன். குழந்தைக்கு அவர் பட்டுப்பாவாடை எடுத்துவிட்டதாக அன்று காலையில்தான் மனைவி சொல்லியிருந்தாள்.

“ஓடாத வண்டிய என் தலையில கட்டிட்டீங்க மச்சான்,” என்றேன்.

“என்கிட்ட இருந்த வரைக்கும் பறந்துச்சு மாப்ள. என் தங்கச்சி ஏறப்போற வண்டி, அதுல போய் ஏமாத்துவேனா?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் பொறுமையாகப் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏமாற்றுகிறவன் குரல் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. காதுகுத்துக்கு அவர் வர வேண்டாம், வேறு மடி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி போனை வைத்தேன். அடுக்களையில் மனைவி அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. அன்றிரவு எனக்கு மட்டும்தான் இலை போட்டாள், அவள் சாப்பிடவில்லை.

அண்ணன் இல்லாமல் காதுகுத்து வேண்டாம், தேதியைத் தள்ளி வைக்கலாம் என்று நாலு நாள் கெஞ்சினாள். ஐந்தாம் நாள் கெஞ்சலை நிறுத்தினாள். அது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அவளுடைய பெரியப்பா மகன் ஒருவரைப் பிடித்தேன். கல்யாணத்தில் பார்த்ததோடு சரி, அவர் பெயர்கூட என் மகளுக்குத் தெரியாது. குலதெய்வக் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் போனோம், ஒவ்வொரு மேட்டிலும் அது திணறியது, ஒவ்வொரு மேட்டிலும் நான் மைத்துனரைத் திட்டினேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை அந்த மடியிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தது. “எங்க மாமா எங்க?” என்று கேட்டு அழுதது. நான்தான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, செங்கம் ரோட்டில் ஒரு பாய் வைத்திருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தானே ஓட்டினார். மூன்றாவது கியரில் அழுத்தினார், விட்டார், அழுத்தினார். பிக்கப் சுத்தமாக இல்லை, இன்ஜினுக்குக் காற்று கம்மியாகப் போகிறது என்றார். புது ஃபில்டர் போட்டாயிற்று என்று எரிந்து விழுந்தேன். அவர் வண்டியைத் திருப்பினார். பட்டறைக்கு வந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தவர், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“சார், நீங்களே வந்து எடுங்க. உங்க சாமி சமாச்சாரம், என் கையெல்லாம் கிரீஸ்.”

பெட்டிக்குள், ஃபில்டருக்குக் கீழே, கைக்குட்டை அளவில் ஒரு மஞ்சள் துணி. அதன் ஒரு முனையில் சின்னப் பொட்டலத்தை முடிந்து, அந்த முனையைப் பெட்டியின் ஓரத்தில் கட்டியிருந்தது. பிரித்தேன். தீப மை. கார்த்திகை தீபம் முடிந்து, மலையிலிருந்து கொப்பரையை இறக்கிய பிறகு கோயிலில் தருவார்களே, அந்த மை.

அழுத்தும்போது இன்ஜின் காற்றை ஜாஸ்தியாக இழுக்கிறது, அந்த இழுப்பில் துணி எழும்பிப் போய் ஃபில்டரில் ஒட்டிக்கொள்கிறது, காலை எடுத்தால் விழுந்துவிடுகிறது என்று பாய் விளக்கினார். துணி இல்லாமல் மறுபடி ஓட்டினோம். வண்டி பறந்தது.

வேலூர் ரோட்டுக்காரருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். ஃபில்டர் மாற்றும்போது இதைப் பார்க்கவில்லையா என்று கத்தினேன். பார்த்தாராம். கண்ணில் ஒற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்தாராம். அண்ணாமலையார் பிரசாதத்தை எடுத்து வெளியே போடுவதற்குத் தனக்கு என்ன பைத்தியமா என்று என்னையே கேட்டார்.

அன்றே போளூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் மைத்துனர் வாசலுக்கு வந்ததும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“நீங்க வச்ச துணிதான் மச்சான் காத்த அடைச்சிச்சு.”

அவர் துணியை வாங்கி, முடிச்சைத் தடவிப் பார்த்தார். “வண்டி குடுக்கற அன்னிக்கு வச்சேன். முன்னாடி கண்ணாடில தொங்க விட்டா நீங்க கேலி பண்ணுவீங்க. அதான் கண்ணுல படாத எடமா பாத்து கட்டினேன். அவளும் பாப்பாவும் போற வண்டியாச்சே.”

கேலி செய்திருப்பேன் என்பது உண்மைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே வரச் சொல்லவில்லை, நானும் செருப்பைக் கழற்றவில்லை.

“பாப்பா யார் மடில உக்காந்துச்சு?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“அழுதுச்சா?”

“இல்ல,” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஒரு பிளாஸ்டிக் கவரோடு திரும்பி வந்து என் கையில் கொடுத்தார். உள்ளே பட்டுப்பாவாடை, கடைக்காரர் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

“பாப்பாவுக்குப் பத்தாம போறதுக்குள்ள போட்டு விடுங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.