சக்கரத்தின் மேல் சாவி

லார்க்ஸ்பர் ஆற்றங்கரையில் வெர்னா ஹாக்ஸ்டட் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சாவிக்காரி என்று கேளுங்கள், மொன்டானாவின் அந்த மூலையில் பெட்ரோல் பங்க் நாய்கூட எழுந்து வழிகாட்டும்.

அவள் வேலை இதுதான். வெளியூர்த் தூண்டில்காரர்களைப் படகில் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் காலையில் ஒரு பாலத்தடியில் படகை இறக்குவார்கள். ஆறு இழுத்த இழுப்பில் மீன் பிடித்துக்கொண்டே போய், மாலையில் பத்து மைல் கீழே கரையேறுவார்கள். வண்டியும் டிரெய்லரும் மட்டும் மேலேயே நிற்கும். அவற்றைக் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறவள் வெர்னா. சாவியை முன்சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு சாவி தொலைந்ததில்லை, ஒரு வண்டியில் கீறல் விழுந்ததில்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஆனால் டிரெய்லரைப் பின்பக்கமாக ஓட்டி ஒரே மூச்சில் தண்ணீரில் இறக்குவதில் அவளை அடிக்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. இதை அவளே சொல்வாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்?

படகு பெருகப் பெருக அவள் பிழைப்பும் பெருகியது. ஆற்றில்தான் இடம் குறைந்தது. ஜூலை மாதத்தில் மேல்பாலத்து மடுவில் ஒரு படகின் வாலை அடுத்த படகு முட்டும். கடைசியில் அரசாங்கத்து மீன்வளத்துறைக்காரர்கள் மார்ச் மாதம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்பாலத்துப் பக்கம் வாடகைப் படகே கூடாது. மற்ற நாட்களிலும் ஒவ்வொரு கம்பெனியும் மூன்றில் ஒரு பங்கு படகைக் குறைக்க வேண்டும் என்பது திட்டம். ஊரார் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம்.

படகு குறைந்தால் வெர்னாவுக்கு வண்டி குறையும். அதனால் பதினான்கு படகு வைத்திருந்த ரஸ் கிம்பிள் அவளுக்குத் தன் பக்கத்திலேயே நாற்காலி பிடித்து வைத்திருந்தான்.

"போ வெர்னா, நல்லா நாலு கேள்வி கேளு. உன் வாய்க்கு முன்னால இவனுங்க எம்மாத்திரம்?" என்று முழங்கையால் இடித்தான்.

வெர்னா மைக்கைப் பிடித்தாள்.

"என் புருஷன் என்னைய விட்டுட்டு ஓடுன வருஷம் ரெண்டு பொட்டப்புள்ளைங்களோட இந்த ஊருக்கு வந்தேன். ஓட்டல்ல தட்டு கழுவுன காசு வாடகைக்கே பத்தல. வழிகாட்டி ஆர்வில் ஒரு பழைய தூண்டிலைக் கையில குடுத்து, 'மேல்பாலத்துக்குக் கீழ போய் நில்லு, மீனு தானா வரும்'னான். வந்துச்சு. சோளமாவுல பொரட்டி வறுத்துப் போட்டேன். அந்தக் குளிர்காலம் பூரா என் புள்ளைங்க தின்னது இந்த ஆத்தைத்தான். படகு வச்சிருக்கியான்னு யாரும் கேக்கல. நகருன்னு யாரும் சொல்லல. இன்னிக்கு அந்த மடுவுல எவளாவது தூண்டிலோட நின்னா, தூண்டிலு படகு மேலதான் விழும். நன்றி கெட்டவளா சாக எனக்கு இஷ்டமில்ல. குறைக்கணும்னு எழுதிக்குங்க. என் பேரையும் பெருசா எழுதிக்குங்க, எழுத்து எனக்கே தெரியணும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கிம்பிள் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவளை மறித்தான்.

"சோறு போட்ட கைய கடிச்சிட்ட, கிழவி. இனிமே என் வண்டி எதுலயும் உனக்குச் சாவி இருக்காது. என் மச்சான் டுவேன் ஓட்டுவான்."

"டுவேனா? அவன் வீட்டு வாசல்லேர்ந்து வண்டிய ரிவர்ஸ் எடுத்தா தபால் பெட்டி சாயுது!"

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வண்டியில் பதினான்கு அவனுடையது. மற்றவர்களும் அவன் பின்னால் போய்விட்டால் அவ்வளவுதான்.

திட்டம் சட்டமாயிற்று. ஜூன் முதல் வாரம். மற்றவர்களின் சக்கரங்களில் சாவி இருந்தது. கிம்பிளின் வண்டிகளில் கையை வைத்துப் பார்த்தாள். வெறும் ரப்பர்தான் தட்டுப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆலங்கட்டி மழை கொட்டியது. மாலை, வேறொருவரின் வண்டியை நடுப்பாலத்துக்குக் கீழே, படகுகள் கரையேறும் கீழ்த்துறையில் விட வெர்னா போனாள். பின்னால் காரில் மகள் ஜோலீன். துறையில் கிம்பிள் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். கூட டெக்சாஸிலிருந்து வந்த இரண்டு வாடிக்கையாளர்கள், உதடு நீலம் பாரித்துப்போய். படகு கரையில் கிடந்தது. வண்டியைக் காணோம். அந்தப் பள்ளத்தாக்கில் போனும் வேலை செய்யாது.

"டுவேன்கிட்ட என்ன சொல்லிவிட்ட?" என்றாள் வெர்னா.

"நடுப்பாலத்துலேர்ந்து அடுத்த துறைக்கு எடுத்துட்டுப் போன்னேன்."

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த துறை மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு.

"மேல்பாலத்துல கொண்டுபோய் விட்டிருப்பான். ஆறு எந்தப் பக்கம் ஓடுதுன்னு இறங்கிப் பாக்கவே இல்ல உன் மச்சான்!"

இன்னும் நாலு வார்த்தை சொல்ல அவளுக்கு ஆசைதான், நேரமில்லை. டெக்சாஸ்காரர்களைத் தான் கொண்டுவந்த வண்டிக்குள் ஏற்றி ஹீட்டரைப் போட்டு, தன் பிளாஸ்க்கைக் கொடுத்தாள். ஜோலீனின் காரில் மேல்பாலத்துக்குப் போனாள். கிம்பிளின் வண்டி அங்கேதான் நின்றது, மழையில் கழுவிவிட்டது போல. முன்சக்கரத்தின் மேல் சாவி. அதை மட்டும் டுவேன் சரியாகச் செய்திருந்தான்.

முக்கால் மணி நேரத்தில் திரும்பினாள். டிரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் இறக்கினாள். டெக்சாஸ்காரர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள். அவள் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாள்.

"எவ்வளவு தரணும்?" என்றான் கிம்பிள், தரையைப் பார்த்தபடி.

"ஒண்ணும் வேணாம். உன் பதினாலு வண்டிதான் என் ரெண்டாவது மகளை நர்ஸ் படிக்க வச்சுது. கூட்டத்துல அதையும் சொல்லணும்னுதான் இருந்தேன், மூணு நிமிஷம்னு மணியடிச்சிட்டானுங்க. நன்றிப்பா."

கிம்பிள் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான்.

மறுநாள் ஞாயிறு. மேல்பாலத்து மடுவில் ஒரு வாடகைப் படகு இல்லை. மர அறுவை மில்லில் வாரம் ஆறு நாள் உழைக்கும் லாயிட் மனைவியோடு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். வெர்னா ஆர்விலின் அதே பழைய தூண்டிலோடு சற்றுத் தள்ளி இறங்கினாள். பதினோரு வருடமாயிற்று அந்தத் தண்ணீரில் கால் வைத்து. மீன் வர ஒரு மணி நேரமானது. பதினெட்டு அங்குலம் என்று ஊரில் சொன்னாள்; லாயிட் பதினைந்து என்கிறான், அவனுக்கு அளக்கத் தெரியாது. மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, "மகராசியா இரு" என்றாள், ஆற்றைப் பார்த்து.

திங்கட்கிழமை காலை நடுப்பாலத்தில் கிம்பிளின் வண்டிகள் வரிசையாக நின்றன. சட்டப்படி இப்போது ஒன்பதுதான். வெர்னா கடந்துபோகப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை, முதல் வண்டியின் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள்.

பனியில் சில்லென்று சாவி. அடுத்ததிலும் இருந்தது. ஒன்பதிலும் இருந்தது. கடைசி வண்டியில் மட்டும் சாவிக்கடியில் ஒரு காகிதம்: 'கீழ்த்துறை. ஆறு ஓடும் பக்கம்.'

"எனக்கே பாடம் எடுக்குறியா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாலத்தடிக் குருவிகள் பறந்தன. பிறகு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.