சனிக்கிழமை நாலு மணிக்கு நாவல் மட்டும்

போன வியாழக்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போய் இறங்கி, முதலில் கண்ணில் பட்ட கடையில் நின்றேன். “பாய், இங்கன கதீஜான்னு ஒருத்தி இருக்கா. அவ வீடு எதுன்னு தெரியுமா?” என்று கேட்டேன். அவர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“எந்தக் கதீஜா? தெருவுக்குப் பத்து கதீஜா உண்டும்மா. வீட்டுக்காரர் பேரு என்ன?”

தெரியாது.

“பிள்ளைய பேரு?”

தெரியாது. பிள்ளைகள் உண்டு என்பதே அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் தெரியும்.

“எந்தப் பள்ளிவாசல் பக்கம்? அதாவது சொல்லுங்க.”

அதுவும் தெரியாது.

இப்போது நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணுமே தெரியலயேம்மா! எவ்வளவு நாளாப் பழக்கம்?”

“ஆறு வருஷம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. வெட்கத்துக்கு ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. மழையில் தொடங்குகிற நாவல் அவளுக்குப் பிடிக்காது. கதாநாயகியின் பெயர் பிடிக்கவில்லை என்றால் அவளாகவே வேறு பெயர் வைத்துப் படிப்பாள். வில்லனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், உடனே அவன் கட்சிக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் சொன்னால் பலசரக்குக் கடைக்காரர் வீட்டைக் காட்டுவாரா?

கதீஜா என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை, இந்தப் பத்திக்காக நான் வைத்தது. நிஜப் பெயரிலும் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அதனால் குழப்பத்தில் ஒன்றும் மாற்றமில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால் நூலகத்தில் பழக்கம். வெளியே மழை. இருவரும் கிளம்ப முடியாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் மடியிலிருந்த நாவலைப் பார்த்துவிட்டு, “இதுல அந்தத் தம்பிகாரன் செஞ்சது அநியாயம் டீச்சர்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் டீச்சர் என்று எப்படித் தெரிந்தது? “பேனாவ அப்படிப் புடிச்சிருக்கீயளே” என்றாள். இருபது நிமிடம் அந்தத் தம்பிகாரனைக் கிழித்துத் தொங்கப் போட்டோம். அவ்வளவு சந்தோஷமான மழை எனக்கு நினைவில் இல்லை.

பிறகு அவள் கேட்டாள், “உங்களுக்கு எத்தன பிள்ளைய டீச்சர்?”

எங்கள் ஊரில் கல்யாணம் ஆகாத ஒரு பெண் தேங்காய் வாங்கப் போனால்கூட இந்தக் கேள்வி வரும். அடுத்தது, “ஏன் ஆகல?” அதற்கடுத்தது ஒரு பெருமூச்சு. முப்பது வருடமாக நான் அந்தப் பெருமூச்சுகளைக் கேட்டுச் சலித்தவள். அதனால் கணக்கு டீச்சருக்கே உரிய குரலில் சொன்னேன்: “இங்க பாரு கதீஜா... உன் வீட்டு விஷயம் எனக்கு வேண்டாம், என் வீட்டு விஷயம் உனக்கு வேண்டாம். நாவல் மட்டும் பேசுவோம். சம்மதமா?”

அவள் சிரித்தாள். “சரி டீச்சர். அதுக்கென்ன!”

அதுதான் ரூல். சனிக்கிழமை நாலு மணிக்கு போன். ஒரு மணி நேரம். சில நாள் ஒன்றரை. இருவரும் ஒரே நாவலைப் படித்திருப்போம், முடிக்காதவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆறு வருடத்தில் நேரில் பார்த்தது இரண்டே முறை. இருமல் வந்தால்கூட “உடம்புக்கு என்ன?” என்று கேட்டதில்லை. எவ்வளவு நாகரிகமான நட்பு என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு!

வாரத்தின் மற்ற ஆறு நாட்களில் என் குரலை நான் கேட்பது காலையில் பால்காரரிடம் — “அரை லிட்டர்.” ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் பாட்டுப் பாடும்போது கொஞ்சம். மற்றபடி வீட்டில் ஃபேன் ஓடுகிற சத்தம்தான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே போனை சார்ஜில் போட்டுவிடுவேன். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. ரூல் இருக்கிறதே!

சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம், எழுதியவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

முதல் நாவல் அறுநூறு பக்கம். ஒரு பெரிய குடும்பம். சொத்துத் தகராறு, மனஸ்தாபம், ஆளுக்கொரு மூலை. கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் ஒரு கல்யாணத்தில் கூடி, கட்டிப்பிடித்து அழுது, இருபத்தேழு பேர் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இருபத்தேழு பேரா! எந்தக் குடும்பத்தில் ஐயா இப்படி நடக்கிறது? போட்டோகிராபர் பின்னால் போய்ப் போய்க் கிணற்றில் விழுந்திருந்தால் நம்பியிருப்பேன். கதீஜாவுக்கு அது பிடித்திருந்தது. “நல்லாத்தானே இருக்கு டீச்சர், எல்லாரும் சேந்துட்டாவல்லா” என்றாள். நான் விடவில்லை.

இரண்டாவது சின்ன நாவல். மலை மேல் மழை அளக்கிற நிலையத்தில் தனியாக வேலை பார்க்கும் ஒருவர். தினமும் எட்டு மணிக்கு மழையை அளக்கிறார், எழுதுகிறார், தூங்குகிறார். கதை என்று ஒன்றுமில்லை. கடைசியில் அவருக்குப் பதிலாக ஒரு மெஷின் வருகிறது. இரண்டு முறை படித்தேன். பிரமாதம்! கதீஜா பாதியில் வைத்துவிட்டாள். “அந்த மனுசன்ட்ட யாராவது ஒரு வார்த்த பேசுனாத்தான் நான் மேல படிப்பேன்” என்றாள்.

மூன்றாவதுதான் வினை.

வளைகுடாவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு ஒருவர் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். மனைவி வாசலில் நின்று வரவேற்கிறாள், பிரியாணி செய்கிறாள். மூன்றாம் நாள் மாடிக்குப் போய் அழுகிறாள். அடுத்த வாரம் காரணமே சொல்லாமல் தங்கச்சி வீட்டுக்குப் போய் நாலு நாள் உட்கார்ந்துகொள்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எதுக்குப் போனா? எழுதினவருக்கே தெரியல” என்றேன்.

“எனக்குத் தெரியும் டீச்சர்” என்றாள் கதீஜா. வழக்கமான குரல் இல்லை. அன்று நான் அதைக் கவனிக்கவில்லை. “அவ சந்தோஷத்துல அழல. துக்கத்துலயும் அழல. வீட்டுல எங்கன உக்காரன்னு தெரியாம அழுதா.”

“நல்லாருக்கு கதை! வீடு முழுக்க இடம் கெடக்கு. ஒருத்தர் இருபது வருஷம் வெயில்ல கெடந்து சம்பாதிச்சுப் போட்டுட்டு வந்திருக்காரு, இவளுக்கு உக்கார இடம் இல்லையாக்கும்! இதுக்குப் பேரு கொழுப்பு கதீஜா. வேற ஒண்ணும் இல்ல.”

இப்படிப் பத்து நிமிடம். புருஷன் பக்கம் நின்று வாதாடினேன். புருஷன் என்றால் எப்படி இருப்பார் என்று எனக்கென்ன தெரியும்? ஆனாலும் வாதாடினேன். நான்தான் நன்றாகப் பேசுவேனே.

நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, “சரி டீச்சர். வைக்கேன்” என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் எழுந்து போய் ஒரு காபி போட்டுக் குடித்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு போன் வரவில்லை. நாலேகால், நாலரை, ஆறு... வரவில்லை. சரி, ஏதோ வேலை. அதற்கடுத்த வாரம் நானே கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

அந்த வாரம் வேறு வேலை ஓடாமல் அதே நாவலை மறுபடி எடுத்தேன். திரும்பி வந்தவர் கூடத்தில் அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார். அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பார்க்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து பார்க்கிறாள். பின்வாசலில் நிற்கிறாள். ஒரு பக்கம் முழுக்க இதுதான் இருக்கிறது. எழுதியவர் எழுதித்தான் வைத்திருக்கிறார், நான்தான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன். முப்பது வருடம் பிள்ளைகளிடம் “கேள்வியை ஒழுங்காப் படி” என்று கத்தியவள் நான்.

அப்புறம்தான் உறைத்தது. கதீஜா அன்று நாவலைப் பற்றியா பேசினாள்?

ரூல் போட்டவள் நான். அந்த ரூலை மீறாமல் தன் வீட்டு விஷயத்தைச் சொல்ல அவளுக்கு இருந்தது ஒரே வழி. அதைத்தான் நான் கொழுப்பு என்று சொல்லியிருக்கிறேன். வாசகர்களே, யாராவது ஒரு கதாபாத்திரத்துக்காக உங்களிடம் விடாமல் வாதாடினால், பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பைய யோசியுங்கள்.

மூன்றாவது சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு நாலைந்து வாக்கியம் தயாராக இருந்தது. எடுத்தது ஓர் ஆண் குரல்.

“யாரு பேசுதது?”

“கதீஜா... இருக்காங்களா?”

“அடுப்படில இருக்கா. டீச்சர்னு போட்டு வருது. எந்த டீச்சர்? எங்க பிள்ளைய எல்லாம் படிச்சு முடிச்சாச்சே.”

நான் யார்? அவருடைய மனைவியோடு ஆறு வருடம் பேசியிருக்கிறேன், அவருக்கு நான் இருப்பதே தெரியாது. சிநேகிதி என்று சொல்லலாமா? சொல்லி அவளுக்கு ஏதாவது தொந்தரவு வந்தால்? பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ராங் நம்பர்.”

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உட்கார இடம் நிறைய இருந்தது.

இனி போன் செய்ய முடியாது. அதனால்தான் வியாழக்கிழமை மேலப்பாளையம் போனது, பாயிடம் முழித்தது, தீப்பெட்டி வாங்கியது எல்லாம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, இவளை இழந்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். அழுதேனா என்றால்... அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “கண்ணுல தூசியா?” என்று கேட்டு முந்தானையை நீட்டினார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு போன் அடித்தது. கதீஜா! சனிக்கிழமையும் இல்லை, நாலு மணியும் இல்லை.

“டீச்சர், நாவல் ஒண்ணும் படிக்கல. சும்மாதான் கூப்ட்டேன். அவுக லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போயிருக்காவ. கா மணி நேரம் இருக்கு.”

“கதீஜா, அன்னைக்கு நான் பேசினது...”

“ஆமா, கோவந்தான். முன்னமே கூப்ட்டிருப்பேன், கோவத்துலதான் கூப்பிடல.” அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. “அவுக சவுதியிலருந்து ஒரேயடியா வந்துட்டாவ டீச்சர். நாலு மாசம் ஆச்சு. நல்ல மனுசந்தான், குத்தம் சொல்லப்படாது. போன்ல அவ்வளவு நல்லாப் பேசுவாவ. நேர்ல ரெண்டு பேருக்கும் பேச்சு வரமாட்டேங்கு. சாப்பாடு வைக்கவா? வையி. அவ்வளவுதான். நாள் பூரா வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம், ஒருத்தரும் இல்லாத மாதிரி இருக்கு.”

ஆறு வருடத்தில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

“பொறவு நீங்க ஒரு கூத்து பண்ணீயளே! டீச்சர்னு பேரு போட்டு வருது, நீங்க ராங் நம்பர்ங்கீய. அன்னையிலருந்து யாரு அந்த டீச்சரு, யாரு அந்த டீச்சருன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. நேத்து எல்லாத்தயும் சொல்லிட்டேன். மழையில உக்காந்து தம்பிகாரன ஏசினதுலருந்து, சனிக்கிழம நாலு மணிக்கு மாடிக்குப் போயி பேசுனது வர சொன்னேன். சிரிச்சு முடியல அவுகளுக்கு. ஆறு வருசமா எங்கிட்ட சொல்லலயேன்னாவ. ராத்திரி சாப்பாடு ஆறிப்போச்சு டீச்சர். எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கெடச்சதே அதுதான்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நாவலைத் திரும்பப் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், மாடிப்படி, பின்வாசல் என்று.

“நாவல விடுங்க டீச்சர்” என்றாள். “நீங்க எப்படி இருக்கீய?”

இத்தனை பத்தி எழுதியிருக்கிறேன், இத்தனை நாவல்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. அவளுக்குக் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று தெரிந்தும் எடுத்தது. நன்றாக இருக்கிறேன் என்றுதான் வாயெடுத்தேன்.

“தனியா இருக்கேன் கதீஜா” என்று வந்தது.

“தெரியும் டீச்சர்.”

“எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் சொன்னதில்லையே!”

“சந்தோஷமா முடியுத நாவல் ஒண்ணயாவது நீங்க நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீயளா?”