மேம்பாலத்தில் எனக்குக் கேட்காத சத்தம்

காசிமேட்டில் மீன் எடுத்து எண்ணூர் வரைக்கும் கடைகளுக்குப் போடுகிற ஒரு அக்காவின் வேனுக்கு இன்ஜின் மாற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. பழைய பெட்ரோல் வேன். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி அதன் முதல் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. அதே ரகத்தில் ஓடின இன்ஜின் ஒன்றைத் தேடிப்பிடித்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் என் ஷெட்டில் நானே ஏற்றினேன். முதல் சாவியிலேயே எடுத்தது. அக்கா குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

அஞ்சாம் நாள் திரும்பி வந்தார். "லோடோட பாலம் ஏறுனா தகர டப்பால சில்லறை குலுக்குற மாரி கீது நைனா."

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்னாலேயே பிளக்கில் பொறி விழுந்துவிட்டால், வெடிப்பு அதன் தலையிலேயே அடிக்கும். டைமிங் முந்திக்கொண்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பொத்துவிடும், அக்காவுக்கு இரண்டாவது இன்ஜினும் போய்விடும்.

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே பாலத்தில் ஏற்றினேன். "இதோ, இப்ப" என்று டேஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். இன்ஜின் உறுமுவது கேட்டது, பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் கேட்டது. சில்லறை கேட்கவில்லை. "ஆமாக்கா, கேக்குது" என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? பயம். முப்பது வருஷ மெக்கானிக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

பிறகு மூன்று நாள் எதையெதையோ சந்தேகப்பட்டேன். பிளக் நாலையும் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், பெட்ரோலை வடித்துவிட்டு வேறு ஊற்றினேன். வியாபாரம் முடிந்து தினமும் மத்தியானம் வேன் வந்து நின்றுவிடும். பக்கத்து பஞ்சர் கடைக்காரர் ஒருநாள், "இன்னா மாமு, மருமவனாட்டம் தெனம் கூட்டியாந்து குந்த வெச்சிகினு கீற?" என்றார். சிரித்தேன். மறுபடி பானெட்டைத் திறந்தேன்.

நான் டைமிங் வைக்கும் விதம் ஒன்றுதான். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மயிரிழை முன்னால் திருப்பி, பாலத்தில் மூணாவது கியரில் ஏற்றிப் பார்ப்பேன். அந்தச் சில்லறைச் சத்தம் லேசாக எட்டிப் பார்க்கும்வரை கொடுப்பேன், எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் பின்னால் இழுத்து இறுக்கிவிடுவேன். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் செய்வோம். இன்ஜின் ஏற்றிய அன்று அக்கா வேனிலும் இப்படித்தான் வைத்தேன், இந்த மூன்று நாளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பின்னால் இழுத்தால் வண்டி இழுக்கவில்லை, கொதித்தது. சரியென்று மறுபடி முன்னால் கொடுப்பேன். சத்தம் வராது. இன்னும் கொஞ்சம். அப்போதும் வராது. இன்னும் கொஞ்சம்.

கடைசியில் ராயபுரத்தில் தெரிந்த ஷெட்டில் போய், என்னுடையது ரிப்பேர் என்று பொய் சொல்லி, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை இரவல் வாங்கி வந்தேன். எனக்கென்று ஒன்று இருந்ததே இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். டிகிரி, கோடு, நம்பர் என்றாலே ஒதுங்கிவிடுவேன். காது இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்று வீம்பாகப் பேசித் திரிந்தவன்.

முதல் பிளக் வயரில் கிளிப்பை மாட்டி லைட்டை அடித்தேன். லைட் மின்னும்போது, இன்ஜின் முகப்பில் சுழலும் சக்கரத்தில் இருக்கும் கோடு பக்கத்து முள்ளுக்கு நேரே நின்றதுபோல் தெரிய வேண்டும். கோட்டையே காணோம். லைட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். குனிந்து தேடினால், எங்கேயோ தள்ளி ஓரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவு முன்னால் கொண்டுபோய் வைத்திருந்தேன். அதற்கு அந்த இன்ஜின் பாலம் முழுக்கக் கதறியிருக்கும்.

டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் நான் டிவி சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று தினமும் சண்டை நடப்பது ஞாபகம் வந்தது. போன் அடித்தது காதில் விழவில்லையா என்று பெண்டாட்டி கேட்பதும். பதிமூன்று வயதில் டிங்கரிங் ஷெட்டில் தகரம் தட்ட ஆரம்பித்த காது. நெஞ்சு குத்தினால் பயந்திருக்கிறேன், சர்க்கரை வந்துவிடுமென்று பயந்திருக்கிறேன், ஷெட்டைக் காலி பண்ணச் சொல்வார்களென்று பயந்து தூங்காமல் இருந்திருக்கிறேன். காதைப் பற்றி மட்டும் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

கோட்டைப் பார்த்துப் பார்த்து டைமிங்கை வைத்து இறுக்கினேன். மறுநாள் ஐஸ் பெட்டிகளோடு அக்காவை உட்காரவைத்துப் பாலம் ஏற்றினேன். உச்சிக்கு வந்தபோது அக்கா சொன்னார். "இப்ப சத்தம் இல்ல நைனா. உனுக்குக் கேக்குதா?"

"இல்லக்கா."

பின்னால் திரும்பி ஐஸ் பெட்டிகளைப் பார்த்தார். அப்புறம் கோபமில்லாமல், ரொம்ப மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கும் உனுக்குக் கேக்கல தான?"

இந்தப் பக்கம் ஹார்பர் கிரேன்கள் தெரிந்தன. அவற்றைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஐஸ் கரையுது, வெரசா போ" என்றார்.

ரெண்டு மாசம் ஆகிறது. ஆயில் மாற்ற அக்கா வரவில்லை. காது விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. டைமிங் வேலைக்கு யாராவது வந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சத்தம் வருதா என்று அவர்களையே கேட்கிறேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். மத்தியானத்தில் அக்காவின் வேன் ஷெட்டைத் தாண்டிப் போகும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பாலத்து ஏற்றம்வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒழுங்காக ஏறுகிறதா, கதறிக்கொண்டு ஏறுகிறதா, எனக்குத் தெரியாது.